ஐந்து தகடு, ஒரு டைமர்: வேகச் சுடுதல் போட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. தோட்டத்துச் சனங்கள் சோதனை, ஊரடங்கு, முள்வேலி எல்லாம் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் போய், "பாட்டி, நான் ரைபிள் போட்டிக்குப் போகிறேன்" என்றால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் கோப்பிக் கடையில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்க்கும் தம்பிமார் கேட்கத்தான் செய்கிறார்கள்: "அண்ணே, இந்த ஆள் ரெண்டு செகண்டுக்குள்ளே அஞ்சு தகட்டையும் அடிச்சிட்டான். இதுக்கு எப்படி மார்க் போடுவாங்க?" கேட்க வேண்டிய கேள்வி அதுதான். துப்பாக்கி என்ன விலை என்பது அப்புறம். மார்க் கணக்கு புரிந்தால் ரைபிளை எப்படி அமைப்பது, எதில் காசு போடக்கூடாது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் சட்டம்

இதைத் தாண்டிக் குதித்து அடுத்த பகுதிக்குப் போய்விடாதீர்கள். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கப் போலீஸ் உரிமம் வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியும் அதில் அடக்கம். பார்வைக்குத் துப்பாக்கி போலவே இருக்கும் போலிகளுக்கும் அதே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. வேறு நாடுகளில் விளையாட்டுச் சாமானாக விற்கும், பிளாஸ்டிக் மணி சுடும் ஏர்சாஃப்ட் இங்கே வழக்கில் கொண்டுபோய் விடும். உரிமம் இல்லாமல் சுடும் ஆயுதம் வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டம் பாயும்: 14 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது ஆறு பிரம்படி. "பழகத்தானே வாங்கினேன்" என்று பலாயில் (போலீஸ் நிலையத்தில்) சொல்லிப் பயனில்லை.

ஆகவே இந்த விளையாட்டுக்கு ஒரே வழி, முறைப்படி பதிவுபெற்ற சுடும் கிளப். அங்கே போனதும் மூன்று விஷயம் கேளுங்கள். புதியவருக்கு எந்தத் துப்பாக்கியைத் தருவார்கள், பக்கத்தில் நின்று யார் பார்த்துக்கொள்வார்கள், இரும்புத் தகடு வைத்துச் சுடும் வசதி உண்டா. .22 ரைபிள் (0.22 அங்குலச் சிறு குண்டு போடுவது) எல்லா இடத்திலும் கிடைக்காது. கைத்துப்பாக்கியில்தான் தொடங்க வேண்டியிருக்கும் என்றால் தொடங்குங்கள். கீழே சொல்லப்போகும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

என்ன விளையாட்டு இது

துப்பாக்கிச் சுடுதல் என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவு வருவது நூர் சுரியானி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிளில் நின்றவர். அது மூச்சை அடக்கி, நிதானமாக ஒரே காகிதக் குறியைத் துளைக்கும் ஆட்டம். வேகச் சுடுதலின் குணம் வேறு. இங்கே குறி பெரியது, கிட்டத்தில் இருக்கிறது. எதிரி நேரம் மட்டும்தான்.

இதன் முக்கியமான வடிவம் ஸ்டீல் சேலஞ்ச். 1981இல் கலிபோர்னியாவில் மைக் டால்டன், மைக் ஃபிக்மன் என்ற இருவர் தொடங்கினார்கள். 2007இல் அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கிச் சுடுதல் சங்கம் அதை வாங்கியது. மொத்தம் எட்டு ஸ்டேஜ். ஒவ்வொன்றிலும் ஐந்து தகடு. எந்தத் தகடு எந்த அளவு, எத்தனை கெஜம் தள்ளி, எவ்வளவு உயரத்தில் என்பது விதிப் புத்தகத்தில் வரைந்து வைத்தபடிதான் இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் வைத்தாலும் பேராக்கில் வைத்தாலும் அதே அளவு. ஆட்டக்காரர்களைத் திறமைப்படி வகுப்பு பிரிக்க முடிவதே இதனால்தான்.

தகடுகள் பெரும்பாலும் 10 அங்குலம் அல்லது 12 அங்குல வட்டம், அதாவது சாப்பாட்டுத் தட்டு அளவு. சில ஸ்டேஜில் 18க்கு 24 அங்குலச் செவ்வகமும் வரும். 'ஸ்மோக் அண்ட் ஹோப்' என்ற ஸ்டேஜில் நான்கு பெரிய செவ்வகங்கள், நடுவில் ஒரு வட்டத் தகடு. வீடியோவில் நீங்கள் பார்த்து வாய் பிளந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். 'ஸ்பீட் ஆப்ஷன்' ஸ்டேஜில் ஒரு செவ்வகம் 35 கெஜம் தள்ளி நிற்கும். கிட்டத்தட்ட 32 மீட்டர். எட்டு ஸ்டேஜிலும் அதைவிடத் தூரத்தில் தகடு கிடையாது.

மார்க் கணக்கு

ஐந்து தகட்டில் ஒன்றுக்கு மட்டும் தனி மரியாதை. அதுதான் நிறுத்தத் தகடு, பேச்சில் ஸ்டாப் பிளேட். மற்ற நான்கையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஸ்டாப் பிளேட் கடைசியில்தான். அதில் குண்டு பட்டதும் கணக்கு முடிந்தது. அப்புறம் வேறு தகட்டை அடித்தாலும் சேராது.

டைமர் 'பீப்' அடித்ததிலிருந்து ஸ்டாப் பிளேட்டில் குண்டு படும் வரை எத்தனை வினாடி ஆனதோ அதுதான் உங்கள் மார்க். குறைந்தால் நல்லது. அடிக்காமல் விட்ட ஒவ்வொரு தகட்டுக்கும் 3 வினாடி கூட்டுவார்கள். நின்று சுடுவதற்குத் தரையில் குறித்திருக்கும் பெட்டிக்கு வெளியே கால் வைத்துச் சுட்டாலும் 3 வினாடி. ஒரு சுற்றுக்கு 30 வினாடிக்கு மேல் எழுத மாட்டார்கள்.

ஒரு ஸ்டேஜை ஐந்து சுற்று சுட வேண்டும். அதில் மோசமான சுற்றைத் தள்ளிவிட்டு மிச்சம் நான்கைக் கூட்டுவார்கள். 'அவுட்டர் லிமிட்ஸ்' மட்டும் விதிவிலக்கு: நான்கு சுற்று, மூன்றைக் கூட்டுவது. அந்த ஸ்டேஜில் சென்டர்ஃபயர் (.22ஐவிடப் பெரிய குண்டு) கைத்துப்பாக்கிக்காரர்கள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகர வேண்டும். .22 ரைபிள்காரர்கள் நடுப்பெட்டியில் நின்றே முடித்துக்கொள்ளலாம்.

சரி, இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதல் ஆள் நிதானம். அவருடைய ஐந்து சுற்று: 3.42, 3.18, 3.77, 3.25, கடைசியில் ஒரு தகட்டை விட்டதால் 3.31 + 3 = 6.31. மோசமான 6.31 போய்விடும். மிச்சத்தைக் கூட்டினால் 13.62.

இரண்டாவது ஆள் வேகம். 2.85, 2.80, 2.95 என்று மூன்று சுற்று பறக்கிறார். மற்ற இரண்டில் சுற்றுக்கொரு தகடு தப்பி 5.90, 6.05. ஒன்றைத்தான் தள்ள முடியும். 6.05 போக மிச்சம் 14.50.

சுற்றுக்குச் சுற்று பார்த்தால் வேகமானவர் அரை வினாடி முன்னால். தாளில் அவர் கிட்டத்தட்ட ஒரு வினாடி பின்னால். புதியவர்கள் இந்த இரண்டு வரிக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதிப் போட்டி முடிந்த மாதிரி. ஒரு தப்பை மன்னிப்பார்கள், இரண்டாவதை மன்னிக்க மாட்டார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. தகடு தப்பியது தெரிந்தால் திரும்ப ஒரு குண்டு போட அரை வினாடிதான் ஆகும். விட்டுவிட்டுப் போனால் 3 வினாடி. ஆகவே, ஸ்டாப் பிளேட்டைத் தொடுவதற்கு முன்னால் தப்பியதை அடித்தே ஆக வேண்டும். தப்பியது தெரியவில்லையே என்பதுதான் புதியவரின் சங்கடம். காதில் கவசம் இருக்கும்போது .22 குண்டு பட்ட சத்தம் மெல்லியதாகத்தான் கேட்கும். அதற்காகச் சத்தம் வருகிறதா என்று காத்திருக்கக் கூடாது, அந்தக் காத்திருப்பே நேரத்தைத் தின்றுவிடும். ட்ரிக்கர் விழுந்த நொடியில், குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளி எங்கே இருந்தது என்று கண் பார்த்திருக்க வேண்டும். புள்ளி தகட்டுக்குள் இருந்தால் அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கத்தி இந்த மரத்தின் கோட்டை முடித்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும், கால் பின்னால் வரும். தகட்டிலும் கண்தான் முதலில் போக வேண்டும். ரைபிள் கண்ணைத் தேடி வரும்.

வகுப்பு எப்படி முடிவாகிறது

ஒவ்வொரு ஸ்டேஜுக்கும், ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் உச்ச நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். உலகத் தரமான ஆட்டக்காரர் எடுக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அவ்வப்போது திருத்துவதும் உண்டு. உங்கள் நேரத்தால் அதை வகுத்தால் வரும் சதவீதம்தான் உங்கள் தரம். 95க்கு மேல் கிராண்ட் மாஸ்டர். 85 தொட்டால் மாஸ்டர், 75 தொட்டால் ஏ, 60க்கு பி, 40க்கு சி, அதற்குக் கீழே டி.

வகுப்பு கிடைக்க ஒரே பிரிவில் குறைந்தது நான்கு வெவ்வேறு ஸ்டேஜ்களின் நேரம் பதிவாகியிருக்க வேண்டும். அந்த ஸ்டேஜ்களின் உச்ச நேரங்களைக் கூட்டி, உங்கள் சிறந்த நேரங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கிறார்கள். 'சிறந்த' என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் சொதப்பினால் பழைய நல்ல நேரம் அழிந்துவிடாது. ஆகவே வகுப்புக்குப் பயந்து போட்டிக்குப் போகாமல் இருப்பதில் அர்த்தமே இல்லை.

கணக்குக்காக ஒரு கற்பனை எண் போடுவோம். நான்கு ஸ்டேஜின் உச்ச நேரம் 40 வினாடி, உங்களுடையது 64. வகுத்தால் 62.5 சதவீதம், பி வகுப்பு. ஏ வகுப்புக்கு 75 வேண்டும், அதாவது 53.3 வினாடி. இன்னும் 10.7 வினாடி குறைய வேண்டும். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் நான்கு ஸ்டேஜ், ஸ்டேஜுக்கு நான்கு சுற்று, மொத்தம் 16 சுற்று கணக்கில் சேர்கிறது. சுற்றுக்கு 0.67 வினாடி. அதையும் ஐந்து தகட்டுக்குப் பிரித்தால் தகட்டுக்கு 0.13 வினாடி. கண்ணும் ட்ரிக்கரும் கொஞ்சம் சீக்கிரம் சந்தித்தால் போதும். கூடவே, கணக்கில் சேர்ந்துவிட்ட தப்பு ஒன்றை ஒழித்தாலே 3 வினாடி அங்கேயே கிடைத்துவிடும்.

பிரிவுகள் பல. ரைபிளில் .22க்கு இரண்டு: ரெட் டாட் (அந்தச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி) வைத்துக்கொள்ளும் ஓப்பன், வெறும் இரும்புக் குறி மட்டும் உள்ள அயர்ன்ஸ். கைத்துப்பாக்கிக் குண்டு போடும் குட்டை ரைபிளான கார்பைனுக்கும் இதே மாதிரி இரண்டு. ஒரு பிரிவில் எடுத்த வகுப்பு இன்னொன்றுக்குச் செல்லாது. புதியவருக்கு என் சிபாரிசு .22 ஓப்பன். குண்டு மலிவு, உதை கிடையாது, சுட்ட பிறகும் புள்ளி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ரைபிளை அமைப்பது

உலகம் முழுக்க இந்த ஆட்டத்தில் அதிகம் தென்படுவது ரூகர் 10/22. 1964இல் வந்த மாடல், 10 குண்டு கொள்ளும் சுழல் மேகசின். ஏ.ஆர். வடிவ (ராணுவ ரைபிள் சாயலில் உள்ள) .22களும் உண்டு. கிளப் எதைக் கையில் கொடுத்தாலும் பார்க்க வேண்டியவை ஒன்றுதான்.

முதலில் கட்டையின், அதாவது தோளில் பதிக்கும் பின்பகுதியின் நீளம். ஒலிம்பிக் ஆட்டக்காரர் போலப் பக்கவாட்டில் நிற்கப் போவதில்லை. நெஞ்சைத் தகடுகளுக்கு நேரே காட்டி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நிற்பீர்கள். அப்படி நிற்கும்போது நீளமான கட்டை தோளில் இடிக்கும், ரைபிளைத் தூக்கும்போது அக்குளில் மாட்டும். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து கண்ணைத் திறங்கள். புள்ளி கண்ணுக்கு நேரே இருந்தால் கட்டை சரி. கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டையையோ ரெட் டாட்டின் உயரத்தையோ மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து புள்ளியின் அளவு. புள்ளியை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். 6 எம்.ஓ.ஏ. புள்ளி 25 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் மறைக்கும். 10 அங்குலத் தகட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கண்ணில் சட்டென்று படும். ரொம்பச் சின்னப் புள்ளி துல்லியம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் வெயிலில் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வெளிச்சத்தையும் அன்றைய வெயிலுக்கு ஏற்றாற்போல் கூட்டிக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு வைத்த அளவு மத்தியான வெயிலில் வெள்ளைத் தகட்டின் மேல் காணாமல் போய்விடும்.

குறியைச் சரிபார்க்கும் தூரம் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சொல்வது 25 கெஜம், சுமார் 23 மீட்டர். ஏன் என்றால், ரெட் டாட் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கும் சாதாரண அமைப்பில், 25இல் சரியாக வைத்தால் 35 கெஜத் தகட்டிலும் குண்டு ஏறக்குறைய புள்ளி காட்டும் இடத்திலேயே விழும். 7 கெஜத்தில் மட்டும் ஓர் அங்குலம் போலக் கீழே விழும். ஏ.ஆர். வடிவத்தில் குறி இன்னும் உயரமாக இருப்பதால் அந்தக் கீழ்விழுதல் கூடும். பெரிய தகட்டுக்கு அதனால் பாதகமில்லை. கிட்டத்துத் தகட்டின் கீழ் ஓரத்தைக் குறிவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

ட்ரிக்கர், விலையுயர்ந்த குழல், குழல் நுனியில் மாட்டும் சாமான் இதெல்லாம் முதல் வருடத்தில் வேண்டாம் என்பேன். அந்தக் காசைக் குண்டிலும் மேகசினிலும் போடுங்கள். ஐந்து மேகசின் இருந்தால் நல்லது. சுற்றுக்கு ஒரு மேகசின், ஒவ்வொன்றிலும் 10 குண்டு. தப்பினால் திரும்பப் போடவும் குண்டு இருக்கும், சுற்றுக்கு நடுவில் நிரப்பிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். எட்டு ஸ்டேஜும் சுட்டால் 39 சுற்று, ஒரு தகடும் தப்பாவிட்டால்கூட 195 குண்டு. 300 கொண்டுபோங்கள்.

.22இல் ஒரு தொல்லை உண்டு: அழுக்கு. மெழுகும் கரியும் சேம்பரில் (குண்டு போய் உட்காரும் அறையில்) படிந்தால் குண்டு முழுக்க உள்ளே போகாது, அல்லது வெற்று உறை வெளியே வராது. நம் ஊர் ஈரத்தில் துருவும் சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று பிராண்டு குண்டு வாங்கி, எது அந்த ரைபிளில் மாட்டாமல் ஓடுகிறது என்று பார்த்து அதிலேயே நில்லுங்கள். போட்டியில் நடுவில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். போல்ட்டை இழுத்துத் தள்ளிவிட்டுத் தொடருங்கள். தள்ளிவிடும் சுற்றாக அது போகட்டும்.

வீட்டில் என்ன பழகலாம்

ரைபிள் மாதிரி மரத்தில் செதுக்குவது, பொம்மை வாங்குவது எதுவும் வேண்டாம். காரணம் மேலே சொல்லியாகிவிட்டது. வெறுங்கை போதும். வீட்டுச் சுவரில் ஐந்து காகித வட்டம் ஒட்டுங்கள். போனில் டைமர் செயலி 'பீப்' அடிக்கட்டும். கண்ணை ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் நிறுத்தி, கழுத்தை மட்டும் திருப்பாமல் இடுப்போடு உடம்பைத் திருப்பிப் போங்கள். வட்டம் மங்கலாகத் தெரிந்தபோதே தாண்டினீர்களா, நடுப்புள்ளி தெளிந்த பிறகு தாண்டினீர்களா என்று உங்களுக்கே தெரியும். முதல் வட்டமும் கடைசி வட்டமும்தான் அதிக நேரம் தின்னும். கடைசி வட்டத்தில் கண் அவசரப்படும், அங்கே கூடுதலாக ஒரு கணம் நில்லுங்கள்.

போட்டி நாளில்

ரைபிள் உறையில் வர வேண்டும், சேம்பர் காலி என்று காட்டும் கொடி அதில் செருகியிருக்க வேண்டும். சுடுமிடத்தை நடத்தும் ரேஞ்ச் ஆபிசர் சொல்லாமல் தொடக் கூடாது. கண்ணாடியும் காதுக் கவசமும் வேடிக்கை பார்ப்பவருக்கும் கட்டாயம். இரும்பில் பட்ட ஈயம் தூளாகத் தெறிக்கும்.

பெட்டிக்குள் நின்றதும் "மேக் ரெடி" என்பார்கள். மேகசினைப் போட்டு, குண்டேற்றி, பாதுகாப்பாக ரைபிளை முன்னால் தரையில் வைத்திருக்கும் குறியை நோக்கித் தாழ்த்திப் பிடியுங்கள். ட்ரிக்கருக்கு வெளியே விரல். "ஆர் யூ ரெடி", "ஸ்டாண்ட் பை", அப்புறம் பீப். ஐந்து சுற்றும் முடிந்ததும் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று காட்டி, கொடியைச் செருகிய பிறகுதான் திரும்ப வேண்டும். குழல் பின்பக்கம் திரும்பினாலோ, குண்டுள்ள துப்பாக்கி கைதவறி விழுந்தாலோ அன்றைய போட்டி அதோடு முடிந்தது. வாதாடிப் பயனில்லை.

தகடு வெள்ளையாகப் பெயின்ட் அடித்திருக்கும். .22 குண்டு பட்ட இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறக் கறை விழும். ஒரு தகட்டைத் தப்பியதாக எழுதினார்கள், உங்களுக்கோ பட்டது உறுதி என்றால் உடனே, மரியாதையாகக் கேளுங்கள். மறுபடி பெயின்ட் அடித்த பிறகு கேட்டால் கடவுள்தான் சாட்சி. ஒவ்வொரு சுற்று நேரத்தையும் எழுதுபவர் உரக்கப் படிப்பார். சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் போட்டியில் ஒரு வேலையை வலியக் கேட்டு வாங்குங்கள்: நேரம் எழுதுவது. பத்துப் பேருடைய ஐந்தைந்து சுற்றை எழுதினால், யார் எங்கே நேரத்தைத் தொலைக்கிறார் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேகமாகச் சுடுகிறவரின் தாளைவிட ஒரே சீராகச் சுடுகிறவரின் தாளைப் பாருங்கள், நான்கு எண்ணும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவிவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரியுங்கள், விரலில் ஈயம் ஒட்டியிருக்கும். அன்றைக்குப் போட்ட சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.